குழிவு: மூன்றாம் பொருள்

முதல் சொட்டு விழுந்ததும் மாசிலாமணிக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணுமில்லங்கய்யா, கொஞ்சம் எரியும், அம்புட்டுதான்" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் மற்றக் கண்ணின் கீழிமையை இழுத்து அதிலும் ஒரு சொட்டு விட்டாள். "இப்ப மூடிக்கங்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வந்து விடுவேன், மொத்தம் நாலு வாட்டி. கண்ணுப் பாப்பா நல்லா விரிஞ்சாத்தான் டாக்டருக்கு உள்ள தெரியும்." அவர் மூடிக்கொண்டார். சொன்ன சொல் தட்டாத மனிதர். விதி என்று ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வார். எழுபத்தெட்டு வயது வரை அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். மருந்து கண்ணிலிருந்து எப்படியோ தொண்டைக்கு இறங்கிக் கசந்தது. கண்ணில் விட்டது நாக்கில் கசக்கிறதே, இதற்கு உள்ளே என்ன பாதை இருக்கிறது என்று யோசிக்கும்போதே, பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாளிடம் நர்ஸ் கேட்பது காதில் விழுந்தது. "ஒங்க பேரு என்னங்கம்மா? எந்த ஊரு?" "பேச்சியம்மா. கமுதிப் பக்கம்." அவ்வளவுதான், மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். கமுதி. சட்டைப் பையில் இருந்த சீட்டை அவர் கை தானாகப் போய்த் தொட்டது. அதில் எழுதியிருக்கும் ஊரும் கமுதிதான். இந்த அம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆமாம், எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம் என்று அவள் சொல்லிவிட்டால் அந்தச் சீட்டு வெறும் ஆபீஸ் சீட்டு, அவர் மேல் குற்றமில்லை, வீட்டுக்குப் போய் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். அப்படிச் சொல்வதே இல்லை என்று அவள் சொல்லிவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க அவருக்குப் பயமாக இருந்தது. நான்கு சொட்டு, நாற்பது நிமிஷம். அரசி வருவதற்குள் கேட்டுவிட வேண்டும். மகள் அரசி, சர்க்கரைப் பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கீழ்த்தளத்துக்குப் போயிருந்தாள். மகளை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இல்லை அது.

கேட்கலாம், என்ன அவசரம், முதல் சொட்டுதானே ஆகியிருக்கிறது. சீட்டு நான்கு நாளுக்கு முன்னால் தபாலில் வந்தது. அவர் முப்பது வருஷம் வேலை பார்த்த அகராதி அலுவலகத்தில் இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம். பழைய சீட்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன, எடைக்குப் போடுவதற்கு முன்னால் எழுதினவர்களுக்கே ஞாபகமாகத் திருப்பி அனுப்பலாம் என்று அங்கே இருக்கும் ஒரு பெண்ணுக்கு நல்ல எண்ணம் தோன்றியிருக்கிறது. நல்ல எண்ணம்தான் பலபேர் தூக்கத்தைக் கெடுக்கிறது. அவள் கடிதம் வைத்திருந்தாள்: "வணக்கம் ஐயா. இவை சௌந்தரவல்லி அம்மா சேகரித்த சீட்டுகள். அவர்களுக்குத்தான் முதலில் அனுப்பினோம். பெறுநர் காலமாகிவிட்டார் என்று திரும்பி வந்துவிட்டது. எல்லாவற்றிலும் கீழே தங்கள் கையெழுத்து இருப்பதால் தங்களுக்கு அனுப்புகிறோம்." சணல் போட்டுக் கட்டிய கட்டு. மேலே அட்டெண்டர் பக்கிரியின் கோணல் எழுத்தில் 'தள்ளுபடி' என்று ஒரு துண்டுத்தாள். சௌந்தரவல்லி செத்துப்போனாள் என்பதே அந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது, அதுவும் தபால்காரன் எழுதின இரண்டு சொல்லாக. அதற்கு வருத்தப்படுவதற்குள்ளேயே கை கட்டை அவிழ்த்துவிட்டது. புரை விழுந்த கண்ணுக்கு எழுத்தெல்லாம் பாலில் மிதக்கிற மாதிரி இருக்கும். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். குழம்பு, குழறு, குழி. பதினேழாவது சீட்டு. சொல்: குழிவு. பொருள்: மூன்று, குழந்தையை வைத்து வைத்துப் பெண்ணின் இடுப்பில் விழும் உள்வளைவு. எடுத்துக்காட்டு: 'பிள்ளை போயி ஆறு வருசமாச்சு, இடுப்புல குழிவு மட்டும் அப்படியே இருக்கு, அதத் தெரிஞ்சுக்கிட்டு வர்றவுக வரலாம்.' சொன்னவர்: சௌந்தரவல்லி, கமுதி வட்டம். சேகரித்தவர்: சௌந்தரவல்லி. இதற்கெல்லாம் கீழே சிவப்பு மையில், திருத்தமான எழுத்தில், அவரே எழுதியிருந்தார்: 'சேகரித்தவரே சொன்னவர். சான்று போதாது. தள்ளுக.' ஆபீசில் அவருக்கு என்ன பெயர்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சீட்டுப் பார்க்கிறவர் என்று பெயர். விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்திருக்கிறார். பக்கத்தில் பேச்சியம்மா யாரிடமோ, "காத்தாடி எங்கிட்டு இருக்கு, இங்கிட்டுக் காத்தே வரக்காணோம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது பேச்சுக் கொடுத்திருக்கலாம். அவர் தொண்டையைச் செருமினார், செருமினதோடு சரி.

சௌந்தரவல்லி அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒட்டுத் தையல் போட்ட துணிப்பை, தடித்த கண்ணாடி, தலையில் ஒருநாளும் பூ இல்லை. ஊர்ப் பக்கம் போனால் அங்கே பெண்கள் பேசுவதை அப்படியே எழுதிக்கொண்டு வருவாள், முழு முழு வாக்கியமாக, பேசினவள் மூக்கைச் சிந்தியதுகூடத் தெரிகிற மாதிரி. மற்றவர்கள் கொண்டுவரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் 'அவன் பள்ளத்தில் விழுந்தான்' என்கிற ரகம். அவள் சீட்டைப் படித்தால் பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்ட மாதிரி இருக்கும். அதனால்தானே, அதனால்தானே இந்த வாக்கியத்தையும் யாரோ ஒருத்தி சொல்ல இவள் எழுதியிருக்கலாம் என்று நான்கு நாளாக அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெயர் மறந்துபோனால் சொன்னவர் கட்டத்தில் தங்கள் பெயரையே போட்டுவிடுவது சேகரிக்கிறவர்களுக்கு வழக்கம். எத்தனை பேரை அதற்காகக் கடிந்திருக்கிறார். இவளும் அப்படிப் போட்டிருக்கலாம். போட்டிருக்கக் கூடாதா? ஆனால் அவள் பெயரை மறக்கிறவள் இல்லை. மூக்காயி, ராக்கு, வெள்ளையம்மா என்று ஒவ்வொரு சீட்டிலும் பெயரும் வீட்டுத் தெருவும் இருக்கும். சரி, ஒன்று மறந்திருக்கலாம். ஆயிரக்கணக்கான சீட்டில் ஒன்று. குழிவு என்ற சொல்லில் அவளுக்கு ஒரு தனிப் பிடிவாதம் இருந்தது உண்மை. பதிப்பாசிரியர் வேதரத்தினம் அந்தச் சொல்லுக்குப் பிறப்பு எழுதியிருந்தார்: குழித்தல் என்றால் தோண்டுதல், தோண்டியதால் பள்ளமாகிறது, அந்தப் பள்ளத்தின் தன்மை குழிவு. ஆடிக்கும் வில்லைக்கும் அதையே நீட்டிக்கொள்ளலாம். இரண்டு வரியில் முடித்துவிட்டார். அவள் எழுந்து, "சார், உள்ளங்கைய யாரு தோண்டினா?" என்று கேட்டாள். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணியும் சிரித்தார். மத்தியானம் டிபன் டப்பாவைக் கழுவிவிட்டு எவர்சில்வர் கரண்டியோடு அவர் மேசைக்கு வந்தாள். "இதுல பாருங்க சார், மூஞ்சி தலைகீழாத் தெரியுது. இதையும் யாரும் தோண்டல. அடிச்சு அடிச்சு வளைச்சிருக்கான். எங்க வீட்டு வாசப்படி நடுவுல உள்வாங்கியிருக்கும், மிதிச்சு மிதிச்சு. தோண்டினா உண்டாகுறது வேற. ஒண்ணு ஒரே எடத்துல இருந்து இருந்து, அந்த எடம் அதுக்காக உள்வாங்கிக் குடுக்குதில்ல, அது வேற சார். அதத்தான் எங்க பக்கம் குழிவும்பாங்கன்னு எனக்குத் தோணுது." தோணுது என்றாள். கேட்டிருக்கிறேன் என்று சொல்லவில்லை. கரண்டிக்குள் அவர் முகமும் அவள் விரலும் தலைகீழாக இருந்தன. "தோணுறதெல்லாம் அகராதிக்குப் போதாதுங்க, ரெண்டு சாட்சி வேணும்" என்றார் அவர். அவள் கரண்டியைத் துடைத்து டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"மேல பாருங்கய்யா." இரண்டாவது சொட்டு. இந்தத் தடவை அவ்வளவு எரியவில்லை. திறந்த ஒரு நொடியில் மஞ்சளாக ஒரு சேலை, அதற்கு மேலே ஒரு வெள்ளைத் தலை, பேச்சியம்மா அதுவாகத்தான் இருக்க வேண்டும், பிறகு மறுபடி இருட்டு. மூடின கண்ணுக்குள்ளும் வெளிச்சம் செம்மண் தண்ணீர் மாதிரி நின்றது. பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாதபோது மனிதனுக்குக் கொஞ்சம் தைரியம் வரும், அவருக்கும் ஒரு தடவை வந்திருக்கிறது. ஐப்பசி மழை. ஆபீசுக்கு எதிர்த்த டீக்கடையில் இரண்டு பேரும் ஒதுங்கி நின்றார்கள். கண்ணாடி முழுக்கச் சாரல், கையில் டீயின் ஆவி வேறு. அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவரும் கழற்றித் துடைத்தார். இரண்டு பேருக்குமே கிட்டப்பார்வை, இரண்டு பேர் கண்ணாடியிலுமே நடுவில் மெலிந்த குழிவில்லை, கழற்றிவிட்டால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. அவள் முகம் அவருக்கு ஒரு மாநிறக் கலங்கலாகத் தெரிந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் கேட்டார், "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?" என்று. முகம் தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். மூன்று வருஷம் மென்று முழுங்கினதை டீக்கடைத் தகரக் கூரையின் கீழே கொட்டிவிட்டார். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு கண்ணாடியை எவ்வளவு நேரம் துடைக்க முடியும்? பிறகு மாட்டிக்கொண்டாள். "எனக்கு வாயால சொல்ல வராது சார். எழுதித் தர்றேன். படிச்சுப் பாத்துட்டு நீங்களே முடிவு சொல்லுங்க." படித்துப் பார்த்துவிட்டு. நீங்களே முடிவு. அந்த வாக்கியத்தை அப்போது அவர் பாதிதான் கேட்டார், எழுதித் தருகிறேன் என்ற பாதி. கடிதம் வரும், சரி அல்லது வேண்டாம் என்று இருக்கும், அவ்வளவுதான் அவருக்கு எட்டினது. முடிவு சொல்ல வேண்டியவரே அவர்தான் என்று எட்டவில்லை. முப்பத்திரண்டு வயதில் கேட்டதை எழுபத்தெட்டு வயதில் விளங்கிக்கொள்கிறார், கெட்டிக்காரர்.

அப்புறம் காத்திருந்தார். காலையில் மேசை இழுப்பறையை இழுத்துப் பார்ப்பார், மையொற்றித் தாளைத் தூக்கிப் பார்ப்பார். தங்கியிருந்த மேன்ஷனில் தபால் பெட்டியைத் துழாவுவார். குடையை விரித்தால் அதற்குள்ளிருந்து ஏதாவது விழுகிறதா என்றுகூடப் பார்த்தார், வெட்கக்கேடு. எட்டு நாள். ஒன்பது நாள். அவள் எழுத்து தினம் எண்பது சீட்டாகப் பக்கிரியின் தட்டில் அவர் மேசைக்கு வந்துகொண்டுதான் இருந்தது, அதையெல்லாம் படித்துக் கையெழுத்தும் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அதைக் கடிதம் என்று யார் நினைப்பார்கள்? நினைக்க மாட்டார்களா? ஒருத்தி வருஷக்கணக்கில் நான்கு கட்டத்துக்குள் எழுதியே பழகிவிட்டாள்: சொல், பொருள், எடுத்துக்காட்டு, சொன்னவர். வாயால் சொல்ல வராத ஒன்றை எழுத வேண்டும் என்றால் அவள் கைக்கு வேறு எந்தத் தாள் வரும்? ஒவ்வொரு கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பியிருக்கிறாள். சொன்னவர் யார் என்ற கட்டத்தில் ஒளிக்காமல் தன் பெயரைப் போட்டிருக்கிறாள். அதற்குத்தான் அவர் தள்ளினார். உண்மையைச் சொன்னதற்கு. இல்லை, இல்லை, நிறுத்து, அது இன்னும் முடிவாகவில்லை. கமுதிப் பக்கம் பெண்கள் எல்லாரும் அப்படிச் சொல்லுவார்களாக இருக்கும். இடுப்புக் குழிவு என்று நாளும் பொழுதும் சொல்லுவார்களாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, கேட்டால் தெரிந்துவிடும். கேள். வாய் திறக்கவில்லை. கூடத்தின் அந்தக் கோடியில் ஒரு கைக்குழந்தை அழுதது. யாரோ ஒருத்தி ஊ ஊ என்று தட்டிக்கொண்டே நடந்தாள், அவள் செருப்பு ஒரு பக்கம் அழுந்தி ஒரு பக்கம் தேய்ந்து ஒலித்தது. இடுப்பில் வைத்திருக்கிறாள். சாய்ந்துதான் நடக்கிறாள். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் பெண்கள் அப்படி நடந்து போயிருப்பார்கள், அதற்குப் பெயர் உண்டா என்று அவர் ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

மூன்றாவது சொட்டு. "இன்னும் ஒண்ணுதான்" என்றாள் நர்ஸ். ஒன்றுதான். தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது, குழந்தை தூங்கியிருக்கும். அவர் மனம் மறுபடி அதே இடத்தில் போய் மாட்டிக்கொண்டது, சௌந்தரவல்லி அவர் மேசைக்கு வந்து நின்ற அந்தக் காலையில். தள்ளுபடிச் சீட்டுகள் அவள் பார்வைக்குப் போன மறுநாள். கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இதத் தள்ளிட்டீங்களா சார்?" அவர் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் கடிதம் எங்கே என்று தன் முகம் கேட்டுவிடும் என்று வெட்கம். அதோடு பக்கத்து மேசைக்காரர்கள் வேறு பார்க்கிறார்கள். இவளுக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒருவர் வாயில் வந்துவிடக் கூடாது. அதனால் மேசையைப் பார்த்தே சொன்னார்: "ரெண்டாவது சாட்சி இல்லாம எப்படிங்க ஏத்துக்கிறது? விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே." சொன்னபோது ஒரு பெருமைகூட இருந்தது. ஆசைப்பட்டவள் சீட்டையே தள்ளினவன் நான் என்கிற பெருமை. "சரி சார்" என்றாள். எந்தச் சீட்டு அது? அன்று தள்ளினது ஆறோ ஏழோ. அவள் கையில் இருந்தது எது? நான்கு நாளாக அந்தக் கையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். கட்டை விரல் நகத்தில் மைக்கறை தெரிகிறது, சிவப்பு ரப்பர் வளையல் ஒன்று தெரிகிறது, ஜன்னல் கம்பியின் நிழல்கூட மணிக்கட்டில் தெரிகிறது, சீட்டு மட்டும் தெரியவில்லை. பார்க்காததை ஞாபகம் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? கார்த்திகையில் அவள் மெய்ப்புத் திருத்தும் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போனாள். பங்குனியில் வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். பதில் எழுதக்கூட மனசில்லாதவள் என்று அவர் கோபப்பட்டார். அந்தக் கோபத்திலேயே வீட்டில் பார்த்த பெண்ணுக்குச் சரி சொன்னார். கோமதி ஒரு குறையும் வைத்தவள் இல்லை, இருபத்தொன்பது வருஷம் அவரைப் பொறுத்துப் போனாள். ஒரே ஒரு தடவை, காய்ச்சல் என்று அவள் படுத்திருந்தபோது அவர் தெர்மாமீட்டரை இரண்டாம் முறை வைத்துப் பார்த்ததற்கு, "ஒடம்பு சுடுதுன்னு நான் சொன்னாப் போதாதா? ஒங்களுக்கு எதுக்கும் ரெண்டு சாட்சி வேணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அரசி பிறந்தாள். அவளைத் தூக்கித் தூக்கிக் கோமதிக்கு இடுப்பு வலி வந்தது, தைலம் தேய்த்துவிட்டதுகூட அவர்தான், அப்போது அவர் கைக்குக் கீழே அந்த வளைவு இருந்திருக்க வேண்டும். தேய்த்தார், தடவினார், ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்கு அந்தச் சீட்டைச் சரியாகப் படித்திருந்தால் கோமதி இல்லை, அரசி இல்லை. படித்திருக்கலாமே என்று ஆசைப்படுவதுகூட மகளை இல்லாமல் ஆக்குகிற ஆசை. அப்படி ஆசைப்படத் தனக்கு உரிமை இல்லை என்று அவருக்குத் தெரிகிறது, மனம்தான் கேட்க மாட்டேன் என்கிறது. ஒருத்தி பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஆறு வருஷம் அதை யாரிடமும் சொல்லாமல் சென்னையில் வந்து அறை எடுத்துத் தங்கி, சொல் பொறுக்கிக்கொண்டிருந்தாள் என்றால், ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள் என்றால், அவன் அதற்கு என்ன மார்க் போட்டான்? சான்று போதாது.

கேட்டுவிடலாம். இப்போது கேட்காவிட்டால் நர்ஸ் வந்துவிடுவாள், அரசி வந்துவிடுவாள், இந்த அம்மாள் எழுந்து கமுதிக்குப் போய்விடுவாள், இருக்கும், இருக்காது என்று அவர் சாகும்வரை ஆடிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். பையிலிருந்து சீட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "அம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார், இருட்டைப் பார்த்து.

"கேளுங்கய்யா. கண்ணத்தான மூடச் சொல்லியிருக்கு, வாயி சும்மாதான கெடக்கு."

"தப்பா எடுத்துக்கக் கூடாது. பிள்ளைய இடுப்புலயே வச்சுத் தூக்கித் தூக்கி, பொம்பளைங்களுக்கு அந்தப் பக்கம் உள்ள வளைஞ்சு போகுமில்ல. ஒங்க பக்கம் அதுக்கு என்னன்னு பேரு சொல்லுவீங்க?"

பேச்சியம்மா சிரித்துவிட்டாள். "அதுக்கு எதுக்குய்யா பேரு? இடுப்பு ஒடிஞ்சுபோச்சும்போம், சாஞ்சுபோச்சும்போம். நானும் அஞ்சு தூக்கினவதான்."

"குழிவுன்னு சொல்ல மாட்டீங்களா? இடுப்புக் குழிவுன்னு?"

"குழிவா?" அவள் யோசிப்பது நாற்காலியின் கிரீச்சில் கேட்டது. "இல்லய்யா. நான் கேட்டதில்ல. எங்காத்தா சொல்லிக் கேட்டதில்ல, மாமியா சொல்லியும் கேட்டதில்ல."

"ஒங்க ஊருல இல்லாட்டியும் பக்கத்துல, வேற ஊருல சொல்லலாமில்ல?" தன் குரல் கெஞ்சுவது அவருக்கே கேட்டது.

"நான் பொறந்தது அபிராமம். மகளக் குடுத்திருக்கறது முதுகுளத்தூருல. மருமகளுக்கு ஊரு சாயல்குடி. எங்கிட்டும் அப்படிச் சொல்ல மாட்டாகய்யா." குரல் அவர் பக்கம் திரும்பியது. "யாரு சொன்னா ஒங்ககிட்ட?"

சாட்சி இரண்டு கேட்டவருக்கு நான்கு ஊர் கிடைத்துவிட்டது. அகராதிக்காரராக அன்று அவர் செய்தது அட்சரம் பிசகாமல் சரி. அப்படி ஒரு வழக்கு எங்குமே இல்லை. இப்படிச் சரியாக இருந்ததற்காக அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. "கூட வேலை பார்த்தவங்க ஒருத்தங்க எழுதியிருந்தாங்க" என்றார். "பிள்ளை போயி ஆறு வருசமாச்சு, இடுப்புல குழிவு மட்டும் அப்படியே இருக்குன்னு."

  பேச்சியம்மாவின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "அப்ப அது பேரு இல்லய்யா. பிள்ள வச்சிருக்கறவளுக்கு அந்த எடம் கண்ணுலயே படாது. அதுலதான் பிள்ள உக்காந்திருக்குமே. எடம் காலியானவளுக்குத்தான் அது குழின்னு தெரியும். அவுக ஊருப் பேச்சச் சொல்லல, தன்னையச் சொல்லியிருக்காக." மூச்சு விட்டாள். "பாவம், எவுககிட்டச் சொன்னாகளோ."

"என்கிட்டத்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நர்ஸ் வந்து நான்காவது சொட்டை விட்டாள். விட்டவள், "என்னங்கய்யா இது, விடவிட வெளிய வருது? இப்படித் தண்ணியா ஊத்துனா மருந்து எப்படி நிக்கும்?" என்று பஞ்சால் கன்னத்தைத் துடைத்தாள். இன்னொரு சொட்டு விட்டாள். அதுவும் வழிந்தது. "சரி விடுங்க, பாப்பா விரிஞ்சிருச்சு. தொறந்துக்கலாம். கொஞ்ச நேரம் கிட்டத்துல ஒண்ணும் தெரியாது, பயந்துறாதீங்க."

திறந்தார். ஜன்னல் முழுக்க வெள்ளையாக வந்து கண்ணுக்குள் கொட்டியது. பேச்சியம்மா இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு கலங்கல். அதைத் தாண்டி நீலமாக ஒன்று நெருங்கி வந்து அரசியின் குரலில் பேசியது. "சர்க்கரை நார்மல்தான்ப்பா, ஆபரேஷன் வெச்சுக்கலாம்னாங்க. என்னப்பா கண்ணு இப்படிச் செவந்திருக்கு? கையில என்னது, சீட்டா? ஆபீஸ் சீட்டு மாதிரி இருக்கு."

"ஆபீஸ் சீட்டு இல்லம்மா. கடிதம்."

"யாருக்கு வந்தது?"

"எனக்கு வந்தது."

அரசி அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்புவது தெரிந்தது. "ரொம்பப் பழசா இருக்கேப்பா. எப்ப வந்தது?"

"எழுபத்தொம்பது ஐப்பசியில."

"பதில் போட்டீங்களா?"

அவர் சீட்டைத் திரும்ப வாங்கிக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். அவள் எழுதினதில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. கருப்பு மையெல்லாம் தாளோடு தாளாகக் கலந்துவிட்டது. அடியில் சிவப்பு மட்டும் தெரிந்தது.

"போட்டேம்மா" என்றார். "கீழ சிவப்பா இருக்கு பாரு, அதான்."